குச்சியிலிருந்து விழும் பறவை

வணக்கம் ஐயா,

தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'சேவ்ட் பை த பெல்', 'கானரி இன் எ கோல் மைன்' என்று இரண்டு தொடர்கள் வருகின்றன. உயிரோடு புதைக்கப்பட்டவர் சவப்பெட்டிக்குள்ளிருந்து மணியடித்துத் தப்பியதால் முதல் தொடர் வந்தது என்று வாட்ஸப்பில் படித்தேன். உண்மையா? இரண்டாவதை 'முன்னெச்சரிக்கை' என்று எழுதிவிட்டேன். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் தொடரில் வரும் மணி குத்துச்சண்டை மேடையைச் சேர்ந்தது. அடிபட்டு விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழுந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குள் சுற்று முடியும் மணி அடித்துவிட்டால் பிழைத்தார். மணி வைத்த சவப்பெட்டிகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் காப்புரிமை வாங்கியவர்கள் உண்டுதான், ஆனால் தொடர் அங்கிருந்து வரவில்லை. 'கடைசி நொடியில் தப்பியது' என்று எழுதுங்கள், போதும்.

இரண்டாவது தொடரின் நேர்ப்பொருள் 'நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கானரி'. கானரி என்பது கூண்டில் வளர்க்கும் சின்னப் பாட்டுப் பறவை. அதை அப்படிச் சுருக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1896 ஜனவரியில் தெற்கு வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தார்கள். உடல்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பு அல்ல, அதற்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்று கண்டறிந்தார். நிறமோ வாசனையோ இல்லாத வாயு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவருக்கும் அதே கதிதான்.

சின்ன உடலும் வேகமான மூச்சும் உள்ள உயிர் நமக்கு முன்பே மயங்கும், அதைக் கூட எடுத்துப்போங்கள் என்றார் ஹால்டேன். எலியையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் குச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவை தள்ளாடி விழுந்தால் மங்கிய விளக்கிலும் பளிச்சென்று தெரியும்.

இதற்கென்று செய்த கூண்டுகளில் ஒரு வகையைத்தான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் தலையில் சிறிய ஆக்சிஜன் உருளை இருக்கும். பறவை விழுந்ததும் கதவை மூடி உருளையைத் திறப்பார்கள், அது மூச்சு வாங்கி எழும். விழுந்த பறவையைத் தெளியவைப்பதற்காக ஓர் உருளையைச் சுமந்துகொண்டு இருட்டில் நடந்திருக்கிறார்கள்! இன்று இந்தத் தொடரைச் சொல்கிறவர்கள் பலரும் கானரியைப் பலிகொடுக்க எடுத்துப்போனதாகவே நினைக்கிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. 1986இல்தான் பிரிட்டன் தன் சுரங்கங்களில் எஞ்சியிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட கானரிகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகளைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கூடவே இருந்த பறவையைப் பிரிய சுரங்கத் தொழிலாளர்களுக்கு மனமில்லை.

சரி, உங்கள் சொல்லுக்கு வருகிறேன். 'முன்னெச்சரிக்கை' பொருந்தாது. அது வருமுன் காப்பது. கானரி மயங்கும்போது விஷம் ஏற்கெனவே வந்துவிட்டது, நம் உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை. 'முதல் அறிகுறி' என்றால் பொருள் கிட்டத்தட்ட வரும். ஆனால் பறவை போய்விடும். நானாக இருந்தால் முதல் தடவை வரும் இடத்தில் 'சுரங்கத்தில் மனிதனுக்கு முன்பே மயங்கி விழும் கானரியைப் போல' என்று முழுதாக எழுதுவேன். அப்புறம் வரும் இடங்களில் 'கானரி' என்றாலே வாசகருக்குப் புரியும்.