ஸ்பெயினில் மூன்றே நாள் என்றால், செவில்யா

சாப்பாடு, கலை, இரவில் ஊர்சுற்றல் மூன்றும் வேண்டும், கையில் மூன்று நாள்தான், ஸ்பெயினில் எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் சொல்வேன்: செவில்யா. மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் அந்த ஊர் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த ஊர் நேரத்துக்குத் தூங்க வேண்டும்.

முதல் நாள் எனக்கு இது தெரியவில்லை. மாலை ஏழு மணிக்கே நல்ல பசி. நுழைந்த கடைகளில் குடிக்க ஏதோ கிடைத்தது, அடுப்பே பற்றவைக்கவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டை இரண்டரைக்கு முடித்து, வெயில் தாழும்வரை தூங்கி, ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ஊரே மாறியிருந்தது. பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தைகள், எல்லோரும் தெருவில்.

தபாஸ் என்பது சின்னத் தட்டுச் சாப்பாடு. ஒரே கடையில் வயிற்றை நிரப்பாதீர்கள்; நின்றபடி ஒரு தட்டு, அப்புறம் அடுத்த கடை. 1670 முதல் நடக்கும் எல் ரின்கொன்சீயோவில் நம் கணக்கை மரமேடையிலேயே சாக்பீஸால் எழுதுகிறார்கள். அங்கே பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ்' கேளுங்கள். பூண்டும் சீரகமும் மணக்க, குழையக் குழைய வரும். முதல் வாயிலேயே வீட்டு நினைப்பு வந்துவிட்டது எனக்கு. சைவர்கள் எதை வாங்கினாலும் 'சின் ஹமோன்', அதாவது பன்றித்தொடை இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தக்காளிக் கூழான சல்மொரேஹோவின் மேல்கூட அதைத் தூவித் தருவார்கள்.

பாட்டும் கைதட்டலும் ஆட்டமும் சேர்ந்த பிளமெங்கோ கச்சேரிக்கு ஆற்றைக் கடந்து திரியானா பக்கம் போங்கள். பெரிய அரங்கு வேண்டாம், ஒலிபெருக்கி இல்லாத சின்ன இடமாகப் பாருங்கள். நான் போன இடத்தில் நாற்பது நாற்காலிகூட இருக்காது. பாடகர் கண்ணை மூடி முதல் ஓலத்தை எடுத்தபோது கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது. ஆடியவரின் குதிகால் அடி என் நாற்காலிக் கால் வழியாக ஏறியது. சோலேயா என்ற வகையில் ஒரு தாளச் சுற்றுக்கு 12 அடி. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். தாளம் போட்டுப் பழகிய கை தொடையில் தட்டத் துடிக்கும். சத்தமாகத் தட்டிவிடாதீர்கள். அங்கே கைதட்டலே ஒரு வாத்தியம், 'பால்மாஸ்' என்பார்கள். அது அவர்கள் வேலை. கச்சேரி முடிந்தும் தூக்கம் வராது, அலமேதா தெ எர்குலெஸ் சதுக்கத்துக்கு நடந்துவிடுங்கள். மக்கள் உலாவ 1574-இல் அமைத்த இடம் அது, நள்ளிரவு தாண்டியும் பேச்சுச் சத்தம் ஓயாது.

பகலில் பேராலயத்தின் ஹிரால்டா கோபுரம் ஏறுங்கள். 12ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசல் மினாராகக் கட்டியது. படிக்குப் பதில் 35 சரிவுப் பாதைகள் என்பதால் முழங்கால் வலிக்காரர்களும் மெதுவாக ஏறிவிடலாம். அல்காஸார் அரண்மனைக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், 40 டிகிரி தாண்டும். மார்ச்சோ அக்டோபரோ நல்லது.