குட்டிப் பூனையும் மகள் கையில் படர்தாமரையும்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: இரண்டு மாதம் முன்பு வாங்கிய பெர்ஷியன் குட்டிக்குக் காதோரம் முடி கொட்டி வட்டமாகத் தெரிகிறது. இப்போது எட்டு வயது மகளின் கையிலும் வட்ட வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த கிரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் இன்னும் பெரிதாகிறது. பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார்.

கொடுக்க வேண்டாம். இருவருக்கும் வந்திருப்பது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பூனை போனாலும் அதன் முடி சோபாவிலும் மெத்தையிலும் இருக்குமே. அந்த முடியில் ஒட்டிய பூஞ்சை வித்துகள் ஒரு வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும்.

முதலில் அந்த கிரீமை எடுத்துப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது அரிப்பை அடக்கும்; பூஞ்சையோடு போராடும் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடும். விளிம்பு மங்கிப்போய், பார்க்கிற டாக்டருக்கே படர்தாமரை என்று பிடிபடாமல் போவதும் உண்டு. நிறுத்திவிட்டு, ட்யூப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். மகளின் தலையையும் பிரித்துப் பாருங்கள். அங்கே முடி உடைந்து திட்டு இருந்தால் மேல்பூச்சு போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. கேனிஸ் என்றால் லத்தீனில் நாய்; பெயரில் நாய் இருந்தாலும் அதிகம் குடியிருப்பது பூனையிடம்தான். குட்டிகளும் பெர்ஷியன் போன்ற நீள்முடிப் பூனைகளும் எளிதில் மாட்டிக்கொள்ளும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடமோ காட்டுங்கள். புற ஊதா விளக்கில் முடி ஆப்பிள் பச்சையாக ஒளிரலாம். ஒளிராவிட்டால் பூஞ்சை இல்லை என்று அர்த்தமில்லை, முடியை எடுத்து, அதில் பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வகத்தில் கல்ச்சர் பார்க்க வேண்டும். எடைக்கேற்ற அளவில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, கூடவே வாரம் இருமுறை மருந்துக் குளியல் என்று வாரக்கணக்கில் போகும். முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மனிதர் கிரீமைப் பூசினால் பூனை நக்கிவிடும். டீ ட்ரீ ஆயில் அதற்கு விஷம்.

வீட்டில் ஃபினாயிலைத் தவிருங்கள், அதுவும் பூனைக்கு ஆகாது. குணமாகும் வரை குட்டியைப் படுக்கையறைக்கு விடாமல், துடைக்க வசதியான ஒரு அறையில் வையுங்கள். தினமும் முடியைக் கூட்டியெடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு தண்ணீர் கலந்த ப்ளீச். ஆசிட்டோடு மட்டும் கலக்கவே கூடாது. தரை காய்ந்த பிறகே பூனையை விடுங்கள். விரிப்புகளைத் தனியாக, இரண்டு முறை துவையுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் குட்டியைத் தூக்காமல் இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்தேன், வீட்டில் வேறு யாருக்காவது தொடையிடுக்கில் அரிப்பு இருக்கிறதா? சென்னை வியர்வையில் அந்த இடத்துப் படர்தாமரை பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஒரே துண்டைப் பகிர்வதால் வருவது. அதைப் பூனையின் கணக்கில் எழுதாதீர்கள்.