ஆடும் பல் இம்பிளாண்டுக்கு 780,000 ரூபா: முழுவதையும் முதலே கட்டலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது, கொக்குவில். நாலு வருடத்துக்கு முன் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளாண்ட் (பல்லுக்காக எலும்புக்குள் வைக்கும் ஆணி) வைத்தேன். இப்போது ஒன்று ஆடுகிறது. மற்றதைச் சுற்றி முரசு வீங்கிச் சீழ் வருகிறது. இரண்டையும் கழற்றி, எலும்பு வைத்து, புதிதாகப் போட 780,000 ரூபா கேட்கிறார்கள். முழுவதையும் முதலே கட்டினால் 10 வீதம் கழிவாம். மகளின் கலியாணத்துக்கென்று 12 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. அது முதிர இன்னும் ஐந்து மாதம். நகையை அடகு வைப்போம் என்கிறார் கணவர். சென்னையில் மலிவு என்கிறான் தம்பி. எனக்கு நீரிழிவும் உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: முழுவதையும் முதலே கட்டாதீர்கள் அம்மா. 78,000 ரூபா சின்னக் காசு இல்லைத்தான். ஆனால் அந்தக் கழிவுக்காக, நடக்குமோ நடக்காதோ என்று வைத்தியருக்கே இன்னும் தெரியாத வேலைக்கு இன்றைக்கே காசு கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

பழையதைக் கழற்றி, அழற்சியைத் துப்புரவாக்கி, எலும்புத்தூள் நிரப்புவது முதற்கட்டம். அது ஆறி இறுக நாலு, ஆறு மாதம் போகும். பிறகு ஸ்கான் பார்த்து, எலும்பு போதும் என்றால்தான் புது ஆணி. அது எலும்போடு ஒட்ட மேலும் சில மாதம், அதற்குப் பிறகே மேற்பல் (ஆணியின் மேல் பூட்டும் பல்). நிரப்பிய எலும்பு பிடிக்காவிட்டால் திரும்பவும் எலும்பு வைக்க வேண்டும், இல்லையேல் அத்தோடு நிறுத்த வேண்டும். ஒருமுறை தோற்ற இடத்தில் வைக்கும் ஆணி மறுபடி தோற்கும் வாய்ப்பும் முதல்முறையை விடக் கூட. ஆகவே கட்டம் கட்டமாகப் பிரித்து எழுத்தில் விலை கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

அதற்கு முன், ஆடுவது எது என்று தெளிவாகக் கேட்டீர்களா? மேற்பல்லைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு தளர்ந்தாலும் பல் ஆடும். அதை இறுக்குவது பெரிய செலவே இல்லை. தாடைக்குள் இருக்கும் ஆணியே ஆடினால் கழற்றத்தான் வேண்டும். சீழ் வரும் மற்ற ஆணி அசையாமல் நின்றால், எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, துப்புரவு செய்தே காப்பாற்றவும் இடமுண்டு. இந்த இரண்டு பதிலில் பில் பாதியாகக் குறைந்தாலும் குறையும். எக்ஸ்ரேயையும், எந்த நிறுவனத்தின் ஆணி என்ற அட்டையையும் எடுத்துக்கொண்டு யாழ். போதனா வைத்தியசாலையில் ஒருமுறை காட்டுங்கள். பேராதனை பல் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது. வரிசையில் நிற்கும் அலுப்பு 780,000 ரூபாவை விட மலிவு.

முதல் இரண்டும் ஏன் பழுதாகின என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும், அழற்சி திரும்பி வரலாம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையைச் செய்து, வைத்தியர் சரி என்று சொல்லும்வரை ஒரு சதமும் கட்ட வேண்டாம். கீழ்த்தாடைக்குள் நரம்பொன்று ஓடுகிறது. அதில் காயம் பட்டால் உதடும் நாடியும் விறைத்துப்போகும், சிலருக்கு அது மாறுவதே இல்லை. உங்கள் ஆணிகளுக்கு அது எவ்வளவு கிட்ட என்று கேளுங்கள். ‘உத்தரவாதம்’ என்றால், ஆணிக்கு மட்டுமா, வைத்தியரின் கூலிக்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஆணிக்கு மட்டும்தான்.

காசுக்கு வருவோம். வைப்பை இப்போது உடைத்தால் வட்டி குறையும். முதற்கட்டத்துக்குத் தேவையான தொகையை மட்டும் அதே வைப்பின் மேல் கடனாக எடுங்கள். வைப்பு வட்டியை விடச் சில வீதம் கூடக் கட்ட வேண்டிவரும், ஐந்து மாதத்துக்கு அது தாங்கும். ஆணி வைப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் நேரமும் வைப்பு முதிரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அதற்குள், கலியாணக் காசில் எவ்வளவு தொடலாம் என்று வீட்டில் ஒரு தொகையை முடிவு செய்து வையுங்கள். நகையைத் தொடாதீர்கள். மீட்கும் தவணை தவறினால் ஏலம், அதுவும் கலியாண வீட்டு நகை.

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கலாம், பலாலியிலிருந்தே சென்னைக்குப் பறக்கலாம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பயணம், தங்குமிடம், கூட ஒரு ஆள். இடையில் சீழ் கண்டால் யாழ்ப்பாணத்தில் வேறொருவர் வைத்ததைத் தொட எல்லா வைத்தியரும் முன்வரமாட்டார்கள். அந்தச் செலவையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

முதற்கட்டத்தோடு நிறுத்தி, கழற்றிப் போடும் பல்லோடு இருப்பதும் ஒரு வழி. இறைச்சி கடிக்கக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். அதற்கும் ஒரு விலை எழுதித் தரச் சொல்லுங்கள்.