ஒரே ஆண்டில் மூன்று கிராண்ட் டூர்: ஜம்போ-விஸ்மாவின் 2023 சீசன் – கேள்வி பதில்

இத்தாலியின் ஜிரோ, டூர் டி பிரான்ஸ், ஸ்பெயினின் வுவெல்டா. கிராண்ட் டூர் எனப்படும், மூன்று வாரம் நடக்கும் இந்த மூன்று சைக்கிள் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஒரே அணி வென்றது 2023இல்தான். நெதர்லாந்தின் ஜம்போ-விஸ்மா அணி அதை மூன்று வெவ்வேறு வீரர்களைக் கொண்டு சாதித்தது. அந்த சீசன் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் இப்போதுதான் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஜெயிப்பது ஒருவர்தானே, அப்புறம் அணி எதற்கு?

காற்றுக்காகத்தான் தம்பி. சமதளத்தில் வேகமாகப் போகும்போது வீரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதனால் கிராண்ட் டூருக்கு வரும் எட்டுப் பேரில் ஏழு பேர் ஒருவருக்காக மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்கள். லீடருக்குப் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்கள் வேலை. அணியின் கார் வரை பின்வாங்கி, ஜெர்சிக்குள் முதுகு புடைக்கத் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மறுபடி முன்கூட்டத்தை எட்டிப் பிடிக்கும் வீரரைத் தொலைக்காட்சியில் கவனித்துப் பாருங்கள். மாலையில் முடிவுப் பட்டியலில் அவர் நூறாவது இடத்தில் இருப்பார். அவர் இல்லாமல் முதலிடம் வந்திருக்காது.

கேள்வி: ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை பந்தயம் நடக்கிறதே. எல்லோரும் எல்லாவற்றிலும் ஓடுவார்களா?

மாட்டார்கள், உடம்பு தாங்காது. சீசன் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அக்டோபரில் சீனாவில் முடிகிறது. பல வாரங்களில் ஒரே அணி இரண்டு மூன்று இடங்களில் ஓட வேண்டியிருக்கும். அதனால் அணியில் முப்பது பேர் வரை இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை இருக்கும். 2023இல் இவர்கள் போட்ட கணக்கு தெளிவானது. வசந்தகால ஒருநாள் பந்தயங்களுக்கு வாவ்ட் வான் ஆர்ட், ஜிரோவுக்கு பிரிமோஜ் ரோக்லிச், டூருக்கு யோனாஸ் விங்கெகோர், வுவெல்டாவுக்கு பின்னவர்கள் இருவரும் சேர்ந்து. பெரிய பந்தயத்துக்கு முன் சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி செய்வார்கள். அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கும்.

இந்தக் கணக்கில் அடங்காத ஒருவர் உண்டு. அமெரிக்க மலையேற்ற வீரர் செப் கஸ் அந்த ஆண்டு மூன்று கிராண்ட் டூரிலும் ஓடினார். மொத்தம் 63 கட்டங்கள். ஒரு நாள் ஓட்டம்தான் ஒரு கட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே கிராண்ட் டூரை வெல்வார். அவரைப் பற்றிக் கீழே வருகிறது.

கேள்வி: கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் வான் ஆர்ட் வெற்றியைச் சக வீரருக்கு விட்டுக்கொடுத்தது சரியா? எனக்கு அது பிடிக்கவே இல்லை.

உங்கள் கோபம் புரிகிறது. வான் ஆர்டும் கிறிஸ்தோப் லபோர்ட்டும் எல்லோரையும் உதறிவிட்டு, கடைசி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு இருவர் மட்டுமே போனார்கள். கோட்டருகே வான் ஆர்ட் வேகத்தைக் குறைத்து லபோர்ட்டை முன்னால் விட்டார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் வான் ஆர்ட் இ3 பந்தயத்தை வென்றிருந்தார். மழையிலும் குளிரிலும் தனக்காக உழைத்தவருக்கு ஒரு பெரிய வெற்றியைக் கொடுத்தால் அந்த அணியில் அடுத்த ஆண்டு முழுக்க உழைக்க ஆள் இருக்கும். என்னைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. லபோர்ட் சில நாட்களில் த்வார்ஸ் டோர் விளாண்டரன் பந்தயத்தையும் வென்று தன் தகுதியைக் காட்டிவிட்டார்.

கேள்வி: அப்படியானால் அது குறையே இல்லாத சீசன் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. "மான்யுமென்ட்" எனப்படும் ஐந்து பெரிய ஒருநாள் பந்தயங்களில் ஒன்றைக்கூட அவர்கள் அந்த ஆண்டு வெல்லவில்லை. மிலான்–சான் ரேமோவும் பாரிஸ்–ரூபேயும் மத்தியூ வான் டெர் பூலுக்கு, ஃபிளாண்டர்ஸும் லொம்பார்டியாவும் தடே பொகாச்சருக்கு, லியேஜ் ரெம்கோ ஈவெனபூலுக்குப் போயின. ரூபேதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. கார்ஃபூர் டி லார்ப்ர் கற்பாதையில் வான் ஆர்டும் வான் டெர் பூலும் மற்றவர்களைப் பிரிந்த அந்த நேரத்திலேயே வான் ஆர்டின் டயரில் காற்று இறங்கியது. மூன்றாமிடம்தான் கிடைத்தது. வருடம் முழுக்க எவ்வளவு திட்டம் போட்டாலும் ஒரு கல்லுக்கு முன் ஒன்றும் எடுபடாது.

கேள்வி: ஜிரோவில் ரோக்லிச்சின் செயின் கழன்றும் எப்படி ஜெயித்தார்?

20வது கட்டம், மோன்டே லுசாரி மலையில் தனித்தனியாக ஓடும் டைம் ட்ரையல். ஜெரைன்ட் தாமஸைவிட 26 வினாடி பின்தங்கித் தொடங்கினார். செங்குத்தான ஏற்றத்தில் செயின் கழன்றது. அவர் பதறவில்லை. இறங்கி, கையால் மாட்டி, மறுபடி ஏறினார். அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து மிதிக்கத் தொடங்குவது மிகக் கடினம். அங்கே பாதையோரம் நின்ற ஒருவர் தள்ளிவிட்டார், அவர் ரோக்லிச் பனிச்சறுக்குத் தாண்டல் வீரராக இருந்த காலத்துப் பழைய அணித்தோழர்! ஸ்லோவேனிய எல்லை பக்கத்திலேயே இருந்ததால் மலை முழுக்க அவர் நாட்டு மக்கள்தான். அன்று தாமஸைவிட 40 வினாடி வேகமாக ஏறினார், ஜிரோவை 14 வினாடியில் வென்றார்.

கேள்வி: சார், டூரில் விங்கெகோர் 22 கிலோமீட்டரில் பொகாச்சரை ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளினார். இதையெல்லாம் நம்பலாமா?

கேட்க வேண்டிய கேள்விதான். கொம்ப்ளு வரையிலான 22.4 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் வித்தியாசம் 1 நிமிடம் 38 வினாடி. மறுநாள் கோல் டி லா லோஸ் மலையில் பொகாச்சர் முழுவதுமாகத் தளர்ந்துவிட்டார். மொத்த முடிவில் வித்தியாசம் 7 நிமிடம் 29 வினாடி. பொகாச்சர் ஏப்ரலில் லியேஜ் பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகப்படுவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. இந்த அணியின் முன்னோடி ராபோபேங்க். 2007இல் மஞ்சள் ஜெர்சியோடு, அதாவது டூரில் முன்னிலையில், இருந்த தன் வீரர் மைக்கேல் ராஸ்முசனை அந்த அணியே டூரிலிருந்து வெளியேற்றியது. 2012இல் ஊக்கமருந்து விவகாரங்கள் வெடித்தபோது அந்த அணியின் ஸ்பான்சரான ராபோபேங்க் வங்கி விலகிக்கொண்டது. 2023 ஜூனிலும் ஜம்போ-விஸ்மாவின் இளம் வீரர் ஒருவரின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது, அணி அவரை நிறுத்தி வைத்தது. விங்கெகோர் மீது எந்தச் சோதனையிலும் எதுவும் வந்ததில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி ஆக்க நான் தயாராக இல்லை. சோதனைகள் கடுமையாகத் தொடர வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கேள்வி: வுவெல்டாவில் செப் கஸ்ஸுக்கு நடந்தது அநியாயம் என்கிறார்களே, என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 6வது கட்டத்தில் ஒரு பெரிய கூட்டத்தோடு முன்னால் போக கஸ்ஸை விட்டார்கள். உதவியாளர்தானே என்று மற்ற அணிகளும் துரத்தவில்லை. அவர் கட்டத்தை வென்றார். 8வது கட்டத்தில், வுவெல்டாவில் முன்னிலையில் இருப்பவர் அணியும் சிவப்பு ஜெர்சி அவர் தோளுக்கு வந்தது. டூர்மலே மலையில் விங்கெகோர், கஸ், ரோக்லிச் மூவரும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தார்கள். அதே நாளில் ஈவெனபூல் வெகுவாகப் பின்தங்கி, முதலிடத்துக்கான போட்டியை இழந்தார். அதற்குப்பின் இந்த மூவரைத் தோற்கடிக்க வெளியே ஆள் இல்லை.

அடுத்த வாரம் அணியின் வீரர் நாதன் வான் ஹோய்டாங்க் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது இதயக் கோளாறால் விபத்துக்குள்ளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்று விங்கெகோர் தாக்கி ஓடி, கட்டத்தை வென்று, அதை அவருக்கு அர்ப்பணித்தார். அதனால் கஸ்ஸின் முன்னிலை 29 வினாடியாகச் சுருங்கியது.

மறுநாள் அங்லிரு. நடக்கவே மூச்சு வாங்கும் சரிவு அது. அங்கே ரோக்லிச் வேகம் கூட்டினார், விங்கெகோர் ஒட்டிக்கொண்டார், கஸ்ஸால் முடியவில்லை. ஆண்டு முழுக்க இருவருக்காகவும் மலைகளில் உழைத்தவர், சிவப்பு ஜெர்சியோடு இருவருக்கும் பின்னால் தனியாகிவிட்டார். எதிரணி வீரர் மிகெல் லாண்டாதான் அவருக்கு முன்னால் மிதித்துக்கொண்டு வந்தார். சொந்த அணி விட்ட இடத்தில் எதிரணிக்காரர் நின்றார் என்பதுதான் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. அன்று மிஞ்சியது வெறும் 8 வினாடி.

"பந்தயம் என்றால் பந்தயம்தான், வலுவானவர் ஜெயிக்கட்டும்" என்கிற வாதமும் இருக்கிறது. எனக்கு அது இங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை. ரோக்லிச்சின் ஜிரோவுக்கும் விங்கெகோரின் டூருக்கும் பின்னால் கஸ்ஸின் கால்கள் இருந்தன. டூரின் 20வது கட்டத்தில் விழுந்து முகத்தில் ரத்தத்தோடு ஓடி முடித்தவர் அவர். அவரிடம் போய் யார் வலுவானவர் என்று புதிதாகக் கணக்குப் பார்ப்பது முறையல்ல. நல்ல வேளை, அணி அன்றிரவே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது. அடுத்த நாள் முதல் எல்லோரும் கஸ்ஸுக்காக ஓடினார்கள். மாட்ரிட்டில் கஸ் முதலிடம், விங்கெகோர் 17 வினாடி பின்னால், ரோக்லிச் 1 நிமிடம் 8 வினாடி பின்னால்.

கேள்வி: இவ்வளவு ஜெயித்தும் ஸ்பான்சர் ஏன் விலகியது?

ஜம்போ ஒரு நெதர்லாந்து சூப்பர்மார்க்கெட் நிறுவனம். அது விலகும் முடிவு இந்த வெற்றிகளுக்கு முன்பே பேச்சில் இருந்தது. சைக்கிள் அணிகளுக்கு டிக்கெட் வருமானம் கிடையாது, தொலைக்காட்சிப் பணத்திலும் பங்கு இல்லை. டூர் வென்றவருக்கான பரிசு ஐந்து லட்சம் யூரோ, அதையும் அணியோடு பங்கிட்டுக்கொள்வார்கள். மீதி எல்லாம் ஸ்பான்சர் கையில். அந்த இலையுதிர்காலத்தில் சூடால் குயிக்-ஸ்டெப் அணியோடு இணையும் பேச்சுகூட நடந்து, பிறகு கைவிடப்பட்டது. 2024இல் விஸ்மா–லீஸ் எ பைக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கேள்வி: ரோக்லிச் அணியை விட்டுப் போனது அந்த அங்லிரு சண்டையாலா?

சண்டை என்று சொல்ல மாட்டேன். 2016 முதல் அங்கே இருந்தவர் அவர். டூரில் விங்கெகோர் இருக்கும்வரை தனக்கு முதலிடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். போரா-ஹன்ஸ்குரோஹேவுக்குப் போனார், 2024இல் தன் நான்காவது வுவெல்டாவை அங்கிருந்தே வென்றார்.