வாசகர் கேள்வி – பதில்: வாங்கிய விலையும் வந்த லாபமும்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்து அணியான செல்சி ஒரே வீரருக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. ஆனாலும் அந்த ஆண்டுக் கணக்கில் அத்தனையும் நஷ்டமாக விழவில்லையே, எப்படி?

பதில்: வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸுக்கு ஏறக்குறைய 10.68 கோடி பவுண்டு. ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. ஆண்டுச் செலவு சுமார் 1.26 கோடிதான். இந்த வழி பரவக் கூடாதென்று அந்த ஆண்டே ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீகும் விலையைப் பிரித்து எழுத அதிகபட்சம் 5 ஆண்டு என்று கட்டுப்படுத்தின. சரியான முடிவு. ஐந்தாகப் பிரித்தால் ஆண்டுக்கு 2.14 கோடி.

சிக்கல் விற்கும்போது வரும். 10 கோடிக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவருக்கு 2 ஆண்டு கழித்துப் புத்தக மதிப்பு, அதாவது இன்னும் செலவாக எழுதாத மீதி விலை, 6 கோடி. 5 கோடிக்கு விற்றால் 1 கோடி நஷ்டம். சொந்த அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பள்ளியில்) வளர்ந்தவருக்கோ புத்தக மதிப்பே இல்லை. விற்ற பணம் முழுவதும் லாபம். 2023இல் தன் அகாடமியில் வளர்ந்த மேசன் மவுண்ட்டை செல்சி விற்றபோது கணக்கில் கிடைத்த பெரிய வசதி இதுதான். உள்ளூர்ப் பையன்களை முதலில் விற்கத் தூண்டும் விதி இது; ரசிகர்களின் கோபம் நியாயமே.

கேள்வி: முதலாளி பணக்காரர் என்றால் நஷ்டத்தை அவரே ஈடுகட்டலாமே?

பதில்: ஓரளவுக்குத்தான். எவர்டன் என்ற இன்னொரு அணி மீது நடவடிக்கை வந்தபோது பிரீமியர் லீக் அனுமதித்த நஷ்ட வரம்பு 3 ஆண்டுக்கு 10.5 கோடி பவுண்டு. அதில் 9 கோடியை முதலாளி பங்கு முதலீடாகப் போட்டாக வேண்டியிருந்தது. கடனாகக் கொடுத்தது சேரவில்லை. அகாடமி, மைதானம், பெண்கள் அணிச் செலவுகளை நஷ்டத்திலிருந்து கழித்துவிட முடிந்தது. அப்படிக் கழித்த பிறகும் எவர்டனின் நஷ்டம் 12.45 கோடி. 2023 நவம்பரில் லீக் பட்டியலில் 10 புள்ளி பறிபோனது, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது.