டர்போ வண்டில எத்தனால் ஊத்தினா டைமிங் எத்தனை டிகிரி ஏத்தலாம்?

ஏற்காடு ரோட்ல அடிக்கடி ஏறுற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: டர்போ பெட்ரோல் கார், இசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கற டேபிள, அதாவது மேப்ப மாத்தறது) பண்ணப் போறேன், பாதிக்கு மேல எத்தனால் கலந்து ஓட்டினா இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி அட்வான்ஸ் பண்ணலாம் (அதாவது ஸ்பார்க்க எவ்ளோ முன்னாடி குடுக்கலாம்), ஆக்டேன் (நாக்கிங்க தாங்கற அளவு) அதிகம்ங்கறதால நாக்கிங் (எரிபொருள் தன்னால வெடிச்சு இன்ஜின் தட்டறது) வர்ற வரைக்கும் ஏத்திட்டே போகலாமான்னு.

நாக்கிங் வர்ற வரைக்கும்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் கைல இருந்த வேலைய வச்சுட்டு இத டைப் பண்றேன். அது மட்டும் வேண்டாம் தம்பி.

எங்க சித்தப்பா கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறை வச்சிருந்தாரு, அம்பாசடர், பத்மினி எல்லாம் வரும். ஸ்பார்க்க பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டரோட போல்ட்ட லூஸ் பண்ணி கைலயே லேசா திருப்பி வச்சுட்டு, கோரிமேடு தாண்டி அடிவாரம் போயி மேட்ல டாப் கியர்ல அழுத்துவாரு, இன்ஜின் தட்டற சத்தம் கேட்டா நிறுத்தி ஒரு நூல் பின்னாடி திருப்பி டைட் பண்ணுவாரு, அவ்ளோதான் டியூனிங். பெட்ரோலுக்கு அது நல்லாவே வேலை செஞ்சுது. அழுத்தி ஓட்டறப்ப, அதுவும் டர்போ பூஸ்ட்ல (டர்போ காத்த அமுக்கித் தள்றப்ப), முழு டார்க் (இன்ஜின் சுத்தற விசை) குடுக்கற டைமிங்க எட்டறதுக்கு முன்னாடியே பெட்ரோல் தட்ட ஆரம்பிச்சுரும், அதனால தட்டற எடத்துக்கு ஒரு படி கீழ நின்னா சரியா இருக்கும்.

எத்தனால்ல இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். சிலிண்டர்ல பிரஷர் உச்சத்துக்கு வர்றது பிஸ்டன் டிடிசி (மேல வர்ற உச்சி) தாண்டி சுமார் 15 டிகிரி கீழ எறங்கினப்ப இருந்தா டார்க் அதிகம் கிடைக்கும், அதுக்கு தகுந்த மாதிரி முன்னாடியே ஸ்பார்க் குடுக்கறோம். எத்தனால் ஆக்டேன் 108 கிட்ட வரும், பங்க்ல இப்ப வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) 95தான். அதோட ஆவியாகறப்ப அது இழுக்கற சூடு பெரிய விஷயம். ஒரு கிலோ காத்துக்கு பெட்ரோல விட எத்தனால் அதிகமா ஊத்தணும், சுத்தமான பெட்ரோல்னா 14.7க்கு 1, எத்தனால்னா 9க்கு 1, ரெண்டையும் சேத்துப் பாத்தா உள்ள போற காத்த குளிர வைக்கறது பெட்ரோல விட கிட்டத்தட்ட 4 மடங்கு. அதனால நல்ல டார்க் வர்ற டைமிங்க நாக் வராமலே தொட்டுரலாம், அதையும் தாண்டி அட்வான்ஸ் பண்ணாலும் பல நேரம் சத்தமே வராது. ஆனா பிஸ்டன் மேல வந்துட்டு இருக்கறப்பவே பிரஷர் அத எதுத்துத் தள்ளும், டார்க் குறையும், ராடு மேலயும் ஹெட் கேஸ்கெட் மேலயும் பாரம் ஏறும். சித்தப்பாவுக்கு எச்சரிக்கை குடுத்த அந்த சத்தம் இங்க உங்களுக்குக் கிடைக்காது.

இத நான் ஒரு வண்டிய கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன். டிராக்ல மட்டும் ஓட்டற கார், இ85 கலவை (85 சதவீதம் வரைக்கும் எத்தனால்), தட்டறத கண்டுபிடிக்கற நாக் சென்சார் சுத்தமா அமைதி, நானும் ஒவ்வொரு டிகிரியா ஏத்திட்டே போனேன், இசியூ பதிவு (லாக்) பாத்தா எல்லாம் பச்சை. கொஞ்ச நாள்ல ஐடில்ல நடுக்கம்னு வந்தாங்க, கம்ப்ரஷன் பாத்தா ரெண்டாவது சிலிண்டர் கம்மி, ஹெட்ட கழட்டினா பிஸ்டன்ல ஒரு கீறல் கூட இல்ல, ஆனா டிடிசில மத்ததவிட அது மட்டும் கீழ நிக்குது. கனெக்டிங் ராடு வளைஞ்சிருந்துச்சு. அந்த அண்ணா ஒரு வார்த்தை திட்டல, செலவு நான் ஏத்துக்கிட்டேன், இன்னிக்கும் மனசு உறுத்துது.

அதனால எத்தனால்ல டார்க்க அளந்துதான் டைமிங் வைக்கணும். டைனோல (வண்டிய நின்ன எடத்துலயே ஓட்டி டார்க் அளக்கற மெஷின்) ஒரே ஆர்பிஎம், ஒரே பூஸ்ட்ல புடிச்சு வச்சு, குறைச்ச டைமிங்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு டிகிரியா ஏத்துங்க. முதல்ல டார்க் நல்லா ஏறும், அப்புறம் மெதுவா ஏறும், ஒரு எடத்துல ஒரு டிகிரி குடுத்தும் ஒன்னுமே ஏறாது. அங்க நிறுத்தி 2 டிகிரி பின்னாடி வாங்க, அதுல போற டார்க் ரொம்ப கம்மி, இன்ஜினுக்கு கிடைக்கற நிம்மதி அதிகம். லைட் லோடு ஏரியால பெட்ரோல் மேப்பே பெரும்பாலும் சரியான டைமிங்லதான் இருக்கும், அங்க கை வைக்காதீங்க. எத்தனாலால லாபம் கிடைக்கற எடம் பூஸ்ட் ஏரியா மட்டும்தான், சாப் 2005ல விட்ட 9-5 பயோபவர் டர்போ கூட பெட்ரோல்ல 150 குதிரை, இ85ல 180, பூஸ்ட்டையும் டைமிங்கையும் சேத்து மாத்தினதுலதான் அந்த வித்தியாசம் வந்துச்சு.

இப்ப ஏற்காடு விஷயம். மேல குளிரா இருக்கு, அதனால இன்னும் அட்வான்ஸ் தாங்கும்னு நெறைய பேரு நினைக்கறாங்க. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500. காத்தோட பிரஷர் கீழ 98 கிலோபாஸ்கல்னா மேல 84தான். இன்ஜினுக்கு காத்து போற மேனிஃபோல்டுல 180 கிலோபாஸ்கல் வேணும்னு இசியூ கேட்டா டர்போ கீழ 1.84 மடங்கு அமுக்கினா போதும், மேல 2.14 மடங்கு அமுக்கணும். நான் கணக்கு போட்டு பாத்தேன், டர்போல காத்த அமுக்கற கம்ப்ரஸரோட எஃபிஷியன்சி 70 சதவீதம்னு வச்சா, கீழ 40 டிகிரி வெயில்லயும் மேல 25 டிகிரிலயும் கம்ப்ரஸர விட்டு வெளிய வர்ற காத்து ரெண்டுலயும் 125 டிகிரிய ஒட்டித்தான் இருக்கு! குளிர் குடுத்தத டர்போவே தின்னுருது. இதுல 20 கொண்டை ஊசி வளைவு, ஸ்பீடு முப்பதத் தாண்டாது, அந்த சூட்டக் குறைக்கற இன்டர்கூலருக்கு காத்தே போகாது. மலை ஏத்தத்துக்குன்னு தனியா டைமிங் ஏத்தவே ஏத்தாதீங்க, இன்டேக் காத்து சூடாக சூடாக டைமிங்க குறைக்கற டேபிள ஒழுங்கா நிரப்புங்க.

அடுத்தது, டேங்க்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. எத்தனால் 100னு 2024 மார்ச்ல தமிழ்நாட்டுலயும் சில பங்க்ல விட ஆரம்பிச்சாங்க, பேர்ல 100, உள்ள சுமார் 93 சதவீதம் எத்தனால். 20 லிட்டர் இ20யோட அதுல 20 லிட்டர் ஊத்தினா 56 சதவீதம் வரும், ஊருக்குப் போயி அவசரத்துக்கு வெறும் இ20 ஊத்தினா மடமடன்னு எறங்கிரும், ஆனா டைமிங் மேப் 56க்கு போட்டதாவே இருக்கும். அப்பதான் இன்ஜின் நெஜமாவே தட்டும். அதுக்கு எத்தனால் சதவீதத்த அளக்கற ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் வேணும், 50 ஹெர்ட்ஸ்னா எத்தனால் பூஜ்யம், 150னா முழுக்க எத்தனால், அத வச்சு இசியூ ரெண்டு மேப்புக்கு நடுவுல தானா நகரணும். சென்சார் இல்லாம ஒரே மேப்ல கலந்து ஓட்டறத நான் யாருக்கும் பண்ணித் தர்றதில்ல.

ப்ளக் ஒரு படி கோல்டா (சூட்ட சீக்கிரம் வெளிய கடத்தற வகை) மாத்திக்கோங்க, எத்தனால் நாக்கிங்க தாங்கற அளவுக்கு சூடான ப்ளக் முனைய தாங்காது, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே அதுல பத்திக்கும். ஃப்யூயல் பம்பும் இன்ஜெக்டரும் போதுமான்னு டாப் ஆர்பிஎம்ல ஃப்யூயல் பிரஷர் லாக் எடுத்துப் பாருங்க, பிரஷர் எறங்குச்சுன்னா டைமிங் பத்தி பேசவே வேண்டாம். ரோட்ல ஓட்டற வண்டின்னா வாரண்டி போயிரும், எரிபொருள் மாத்தறதுக்கு ஆர்டிஓ அனுமதியும் பாக்கணும்.

உங்க கேள்விக்கு நம்பரா சொல்லணும்னா, 50, 60 சதவீத எத்தனால்ல பூஸ்ட் ஏரியால 3ல இருந்து 5 டிகிரி வரைக்கும் இடம் இருக்கலாம், ஆனா உங்க இன்ஜின்ல அது 2லயே முடிஞ்சு போனாலும் போகலாம், டைனோல டார்க் நின்ன எடம்தான் உங்க நம்பர். சென்சார மொதல்ல மாட்டுங்க, டேபிள அப்புறம் திறக்கலாம்.