நாலு மணிக்கு எழும்பியது யார்?

அன்புள்ள சார்,

நான் அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன். வெள்ளறடைப் பக்கம் கேரளத் தோட்டங்களுக்கும் போவேன். நாலு மணிக்கு அலாரம் அடிக்கும். 'எழும்பணும்' என்று பத்துத் தடவை நினைப்பேன், உடம்பு அசையாது. பிறகு பார்த்தால் முற்றத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருப்பேன். எழும்பிய நொடி மட்டும் நினைவில் இல்லை. நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறதாம், மகள் சொல்கிறாள். அப்படியானால் ராத்திரி கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுப் படுக்கிற நான் யார்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வது நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட பரிசோதனை. பங்கேற்றவர்களிடம், தோன்றும்போது மணிக்கட்டை மடக்குங்கள் என்றார். எதிரே ஒரு கடிகாரம், அதில் முள்போல 2.56 நொடிக்கு ஒரு சுற்று ஓடும் ஒளிப்புள்ளி. மடக்கத் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். கை அசைவதற்கு ஏறக்குறைய 0.2 நொடி முன்னால் என்று கணக்கு வந்தது. மூளையின் மின்னலையோ 0.55 நொடி முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. அந்த ஏற்றம் முடிவே அல்ல, மூளையின் தற்செயல் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷர்கர் என்ற நரம்பியல் ஆய்வாளரும் சகாக்களும் சொன்னார்கள். சண்டை ஓயவில்லை.

எனக்கு அதில் அக்கறை குறைவு. மணிக்கட்டை எதற்கு மடக்கவேண்டும்? காரணமே இல்லாத செயல். நீங்கள் எழும்புவதற்குக் காரணம் இருக்கிறது: வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறையும். குளிர்காலப் படுக்கையை விட்டு எழுவதைப் பற்றி உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே எழுதியிருக்கிறார். போராடும்வரை எழ முடியாது, போராட்டத்தை மறந்த ஒரு கணத்தில் எழுந்திருப்போம் என்று. உங்கள் முற்றம்தான்.

சிறுவயதில் மாமா பால் வெட்டும்போது கூடப் போயிருக்கிறேன். பட்டை மெல்லிய சுருளாக விழும், பால் சிரட்டைக்கு இறங்கும், மாமா ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டது. பேச்சு நின்றது. "கை பட்டுப்போச்சு" என்றார். 'வெட்டிட்டேன்' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். ஒழுங்காக வெட்டிய மரங்களில் எல்லாம் 'நான்' என்று ஒருவர் எட்டிப்பார்க்கவே இல்லை. வெட்டு தவறிய மரத்தில்தான் வந்தார். வந்ததும் பழியைக் கைமேல் போட்டார்!

ஆகவே எழும்பிய நொடியில் உங்களைக் காணோம் என்று கவலைப்படாதீர்கள். கத்தியைத் தீட்டும்போதே பாதி எழும்பியாயிற்று. 2.56 நொடியில் சுற்றுகிற கடிகாரத்தில் முந்தின ராத்திரியைத் தேட முடியாது.

எனக்கும் ஒரு சந்தேகம். மழையில் வெட்டு இல்லாத நாட்களில் அலாரம் வைக்காமலே நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதா? எழுதுங்கள்.